பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் கொடுங்கள்

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து மொன்றியலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நம்மவர்கள் சொல்லும் புத்தி பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலில் வேலையில் சேருங்கள், பிரெஞ்சை மெல்லப் படிக்கலாம்." என் கணவரின் மாமாவும் அதைத்தான் சொன்னார். வாடகை, கடன், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் பட்டு அறிந்தவர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் நான் முழுநேர வகுப்புக்கே பெயர் கொடுத்தேன்.

காரணம், ஒரு மருத்துவமனையில் பார்த்த காட்சி. எங்கள் ஊர் அக்கா ஒருவருக்குக் கர்ப்பப்பையில் கோளாறு. மருத்துவர் கேட்பதைத் தமிழிலும் அக்கா சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்லிக்கொண்டிருந்தவன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன். சில கேள்விகளுக்கு அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லை என்றார். மகனிடம் சொல்ல முடியாததை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? எந்தப் பிள்ளையின் தலையிலும் இந்தச் சுமை ஏறக்கூடாது.

2023 ஜூன் முதல் பதிவுக்கு ஒரே வாசல்தான்: பிரெஞ்சு கற்பிக்க மாகாண அரசு நடத்தும் பிரான்சிசாசியோன் கியூபெக். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வகுப்பு இலவசம், முழுநேரமாகப் படிப்பவர்களுக்குத் தகுதி இருந்தால் உதவித்தொகையும் உண்டு. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்களைச் சோதித்து, 12 படிகளில் எந்தப் படி என்று பார்த்துச் சேர்க்கிறார்கள். அதே ஜூனில் இன்னொரு விதியும் நடைமுறைக்கு வந்தது. வந்து ஆறு மாதம் கடந்த குடியேறிகளுடன் மாகாண அரசு, உடல்நலம் போன்ற சில விலக்குகள் தவிர, பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும். மெல்லப் படிக்கலாம் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வகுப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது தொலைபேசிப் பயிற்சி. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு எங்களை உட்காரவைப்பார் ஆசிரியை. ஒருவர் மருத்துவ நிலைய வரவேற்பாளர், மற்றவர் நேரம் கேட்டு அழைப்பவர். உதட்டையும் கையையும் பார்க்க முடியாதென்பதால் காது ஒன்றுதான் துணை. பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும், பிறந்த தேதி சொல்ல வேண்டும், எங்கே வலி, எப்போதிலிருந்து என்று சொல்ல வேண்டும். எங்கள் நீண்ட தமிழ்ப் பெயர்களைக் கூட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

உச்சரிப்பில் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, 'ம்' அடுத்து வரும் 'ப' வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதேயில்லை. பிரெஞ்சில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ஆசிரியை எங்கள் கையைத் தொண்டையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதிர்ந்தால் ஒன்று, அதிராவிட்டால் மற்றது. அன்றைக்குப் பிடிபட்டது எனக்கு.

வாரத்துக்கு 25, 30 மணி நேர வகுப்பு என்றால் வீட்டில் கை கடிக்கத்தான் செய்யும். நாங்கள் கணவரின் ஒரு சம்பளத்தில் சமாளிக்கிறோம். எல்லோராலும் அது முடியாது. அவர்களுக்குப் பகுதிநேர வகுப்பும் இணைய வகுப்பும் இருக்கின்றன. 2024 இலையுதிர் காலத்தில் பணமில்லை என்று பல இடங்களில் வகுப்புகளையே மூடினார்கள். படிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படி நடந்தால் இடம் கிடைக்கத் தாமதமாகலாம். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். வந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வேலை தேடுவதைக் காத்திருக்கும் நாட்களில் செய்யலாம்.