கடல்வழியா, தரைவழியா: ஒரு நார்வே நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025

நார்வேதான் என்று முடிவாகிவிட்டது. எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. அக்கா கப்பல் என்கிறாள். ஏழு இரவு, ஒரே அறை, பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், சாப்பாட்டைப் பற்றிய கவலை இல்லை. நான் ரயில், பேருந்து, கொஞ்சம் கார் என்கிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படி ஏறினால் முழங்கால் வீங்கிவிடும். அதனால் அக்கா பேச்சில் நியாயம் நிறைய இருக்கிறது. எனக்கோ அந்த மலைகளுக்கு நடுவே ஓர் இரவாவது தரையில் தூங்க வேண்டும் என்ற ஆசை.

தேடிப் படிப்பதை இங்கே எழுதிக்கொண்டே போகிறேன்.

ஜனவரி 19

கப்பல்களின் பயணத் திட்டங்களைப் பார்த்ததில் முதலில் கண்ணில் பட்டது, அவற்றில் பல நார்வேயிலிருந்து கிளம்புவதே இல்லை என்பது. சவுத்தாம்ப்டன், ஹாம்பர்க், கீல், கோபன்ஹேகன் என்று வெளியே ஏறி வெளியேதான் இறங்க வேண்டும். ஏழு இரவுத் திட்டத்தில் போகவர வட கடலைக் கடப்பதிலேயே இரண்டு பகல் போய்விடுகிறது. கடலில் சும்மா உட்கார்ந்திருப்பது பிடித்தவர்களுக்கு அதுவே சுகம். நார்வேக்காகப் போகிறவர்களுக்கு அது கணிசமான இழப்பு.

விசாவையும் கவனிக்க வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. சவுத்தாம்ப்டனில் ஏறுவதென்றால், விசா தேவைப்படுகிறவர்கள் பிரிட்டன் விசாவும் ஷெங்கன் விசாவும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அக்காவிடம் சொன்னேன். "கோபன்ஹேகன்ல ஏறினா ஒரே விசாதானே, விடு" என்றாள். சரிதான்.

ஜனவரி 26

இவ்வளவு பெரிய கப்பல்கள் மலைகளுக்கு நடுவே எப்படி நுழைகின்றன என்ற கேள்வி சில நாளாக மனதில் இருந்தது. ஃபியோர்டுகள், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டு வந்திருக்கும் குறுகிய பள்ளத்தாக்குகள், பனியாறுகள் தோண்டியவை. பனிக்கட்டி கடல் மட்டத்துக்கும் கீழே வெகு ஆழம் வரை பாறையை அரைத்துக்கொண்டு போயிருக்கிறது. பனி உருகியதும் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிட்டது. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் போகிறது; அதன் அதிகபட்ச ஆழம் சுமார் 1,300 மீட்டர். ஆனால் கடலோடு சேரும் வாயில் ஆழம் மிகக் குறைவு. அங்கே பனியாற்றின் கனமும் வேகமும் தளர்ந்துவிட்டதால் உள்ளே தோண்டிய அளவுக்குத் தோண்டவில்லை.

மலைச்சுவர் தண்ணீருக்கு மேலே எவ்வளவு செங்குத்தோ கீழேயும் அவ்வளவு செங்குத்து. அதனால்தான் பத்து மாடிக் கப்பல் கரையை ஒட்டியே போக முடிகிறது. இதைப் படித்ததும் கப்பல் மீது எனக்கே ஒரு மரியாதை வந்தது. ஃபியோர்டை அது உண்டான மட்டத்திலிருந்து, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பிப்ரவரி 2

ஆனால் மேலிருந்து பார்ப்பது வேறு காட்சி. கெய்ராங்கர் ஃபியோர்டை எடுத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் நீளம்; 2005ல் நேரோய் ஃபியோர்டுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. கப்பலில் போனால் 'ஏழு சகோதரிகள்' அருவியும் அதற்கு எதிரே 'பெண் கேட்டு வந்தவன்' என்ற பொருளில் பெயர் கொண்ட அருவியும் தலைக்கு மேலே கொட்டும். ஆனால் அந்த ஃபியோர்டு எப்படி வளைகிறது, ஊர் எவ்வளவு சின்னது, பின்னால் இருக்கும் பனிமலைகள் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் மேலே ஏறினால்தான் தெரியும். கழுகுச் சாலை என்று 11 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு பாதை 600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மறுபக்கம் டால்ஸ்னிப்பா, கிட்டத்தட்ட 1,500 மீட்டர். உச்சி வரை வண்டி போகும். கப்பலில் வருகிறவர்களும் பேருந்து பிடித்து இங்கெல்லாம் போகலாம். ஆனால் கப்பல் கிளம்பும் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். மேகம் இறங்கியிருந்தால் அன்றைய காட்சி அவ்வளவுதான்.

அந்தச் சுவர்களின் விளிம்புகளில் பண்ணை வீடுகள் இருந்திருக்கின்றன என்பதைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. ஸ்காகெஃப்லோ என்ற பண்ணை தண்ணீருக்கு மேலே 250 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. இப்போது அங்கே யாரும் வாழவில்லை. 1993ல் நார்வே அரசர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் வெள்ளிவிழா மணநாளை அங்கேதான் கொண்டாடினார்கள். கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்தால் அது ஒரு புள்ளி. காலில் ஏறிப் போகிறவருக்கு ஒரு வீடு.

தரைவழியின் குறையையும் எழுதிவிடுகிறேன். மலைச்சாலைகளில் பல குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். புகழ்பெற்ற ட்ரோல்ஸ்டிகன் சாலையை 2024 கோடையில் பாறைகள் உருண்டதால் மூடினார்கள். மே மாதத்தில் போய் இறங்கிவிட்டு ஒவ்வொரு தடுப்பு முன்னாலும் வண்டியைத் திருப்ப முடியாது. ஜூன் பாதிக்கு முன்னால் மலைச்சாலைகளை நம்பித் திட்டம் போடக் கூடாது என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9

கூட்டம். கப்பல்கள் வந்து நிற்கும் ஃப்ளோம் ஊரில் வாழ்கிறவர்கள் சில நூறு பேர், கெய்ராங்கரும் அப்படித்தான். ஒரு பெரிய கப்பல் சில ஆயிரம் பேரை ஒரே காலையில் இறக்குகிறது. உலக மரபு ஃபியோர்டுகளில் 10,000 டன் கொள்ளளவுக்குக் குறைவான பயணிகள் கப்பல்கள் 2026 ஜனவரி முதல் புகையே விடக் கூடாது என்று நார்வே சட்டம் கொண்டுவருகிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். நின்ற காற்றுள்ள நாளில் புகை இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கலையாமல் கிடக்கும் படங்களைப் பார்த்தேன். பார்க்கப் போகும் இடத்துக்கு நாமே கேடு செய்யக் கூடாது. இதை அக்காவிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. யோசிக்கிறாள்.

பிப்ரவரி 15

செலவு. கப்பலில் படுக்கையும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். நார்வேயில் கடைக் காபியே 50 குரோனரை ஒட்டி வருகிறது. மூன்று பேர் மூன்று வேளை உணவகத்தில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. தரைவழி போகிறவர்கள் சமையலறை உள்ள குடிலில் தங்கி, கடையில் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். விடுதியென்றால் காலை உணவு பெரும்பாலும் அறை வாடகையிலேயே சேர்ந்துவிடும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

கப்பல் கட்டணம் மலிவாகத் தெரிவது அதோடு நின்றால்தான். துறைமுகத்துக்குத் துறைமுகம் வெளியே கூட்டிப் போகும் சுற்றுகளுக்குத் தனிக் காசு. ஃப்ளோம் ஊரின் மலை ரயிலுக்கும் தனி.

பிப்ரவரி 23

இன்றைக்குத்தான் வழி கிடைத்தது. நார்வேக்காரர்களே போகிற கப்பல் ஒன்று இருக்கிறது.

1893ல் ரிச்சர்ட் வித் என்ற மாலுமி ட்ரோன்ட்ஹெய்மிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்கு 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ஓட்டித் தொடங்கி வைத்த கடலோரத் தபால் வழி அது. அதற்கு முன் குளிர்காலத்தில் வடக்கே ஒரு கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகுமாம். இப்போது பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வர 12 நாள். ஹுர்டிக்ருட்டன், ஹவிலா என இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஹவிலாவின் கப்பல்கள் நான்கு மணி நேரம் வரை வெறும் பேட்டரியிலேயே போகும்.

முழுத் தூரமும் போக வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். பேருந்து மாதிரி, ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கிக்கொள்ளலாம். சரக்கு ஏற்றுவார்கள், உள்ளூர்க்காரர்கள் இரண்டு ஊர் தாண்டி இறங்குவார்கள். நீச்சல் குளச் சறுக்கு, இரவு நாடகம் எல்லாம் கிடையாது. அக்காவுக்குப் படங்கள் அனுப்பினேன். "அறையில ஜன்னல் இருக்குமா?" என்றாள். "பணம் கூடக் குடுத்தா இருக்கும்" என்றேன். "அம்மாவுக்கு ஜன்னல் வேணும்டி." அப்போதே பாதி முடிந்துவிட்டது.

மார்ச் 2

முடிவு இது. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் ரயில், நடுவில் ஃப்ளோமில் இரண்டு இரவு. பெர்கனில் கடலோரக் கப்பல் ஏறி லோஃபோட்டன் தீவுகளில் ஸ்வோல்வாரில் இறங்குவது. அங்கே வாடகைக் கார். திரும்பும்போது மோஸ்கெனெஸிலிருந்து போடோவுக்கு ஃபெரி, போடோவிலிருந்து ட்ரோன்ட்ஹெய்முக்கு 729 கிலோமீட்டர் ரயில்.

தேடத் தேட இன்னொன்றும் புரிந்தது: நார்வேயில் தரைவழி என்று தனியாக எதுவும் இல்லை. சாலை தண்ணீரில் முடியும், கார் ஃபெரியில் ஏறும், அக்கரையில் அதே சாலை தொடரும். கெய்ராங்கரிலிருந்து ஹெல்லெசில்ட்டுக்கு ஒரு மணி நேரம் போகும் கார் ஃபெரி, பெரிய கப்பல் போகும் அதே ஃபியோர்டு வழியாக, அதே அருவிகளுக்கு அடியில்தான் போகிறது. தரையைத் தேர்ந்தெடுத்தால் கடல் போய்விடும் என்ற அக்காவின் பயம் இதோடு தீர்ந்தது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை யார் தீர்மானிப்பது, கப்பலா நாமா என்பது மட்டும்தான் மீதி.

ஜூன் 17, ஃப்ளோம்

ஓஸ்லோவில் ரயில் ஏறியதும் அம்மாவுக்கு ஜன்னலோர இடம். 1909ல் திறந்த பாதை. காடு, ஏரி, பிறகு மரமே இல்லாத பீடபூமி. ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில். ஜூன் பாதியிலும் தண்டவாளத்தை ஒட்டிப் பனி. மிர்டாலில் வண்டி மாறினோம். அங்கிருந்து 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் இறங்கிக் கடல் மட்டத்துக்கு வந்துவிட்டோம். வழியில் 20 சுரங்கங்கள்.

ஊரில் ஒரு பெரிய கப்பல் நின்றிருந்தது. கடைத்தெருவில் நடக்க இடமில்லை. மாலையில் அது கிளம்பியதும் அரைமணி நேரத்தில் ஊர் காலியானது. அக்கா படகுத்துறை பெஞ்சில் அம்மாவோடு இரவு பத்து வரை, வெளிச்சம் போகாத வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தாள். அந்த மாலை, கப்பலில் வந்தவர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஜூன் 18

பேருந்தில் ஸ்டெகஸ்டெய்ன். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீண்டு நிற்கும் மரப் பாலம். நுனியில் கண்ணாடி மட்டும். அம்மாவுக்கு அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை. கீழே ஒரு பெரிய கப்பல் போய்க்கொண்டிருந்தது. நுனி வரை வர முதலில் பயந்த அம்மா, பிறகு அங்கிருந்து நகரவே இல்லை. "இது எல்லாத்தையும் பனியா தோண்டுச்சு?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஜூன் 21, கடலில்

நேற்று இரவு பெர்கனில் ஏறினோம். அங்கே மழை, பெர்கனில் மழை இல்லாமலிருந்தால்தான் செய்தி. இன்று ஹுஸ்டாட்விக்காவில் கொஞ்சம் ஆட்டம். அந்தப் பகுதியில் கடலை மறைக்கத் தீவுகள் இல்லை. அக்கா மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். அம்மா அசையவில்லை, ஜன்னல் பக்கமே இருந்தார்.

அம்மாவுக்கு இந்தக் கப்பல் எவ்வளவு பொருத்தம் என்பதை இன்று நேரில் பார்த்தேன். படி இல்லை, லிஃப்ட் இருக்கிறது, காட்சி தானாக வருகிறது. உடல் ஒத்துழைக்காத ஒருவரோடு போகிறவர்கள் கப்பலையே எடுத்துக்கொண்டால் நான் இனி எதிர்த்துப் பேச மாட்டேன். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: கிளம்பும் துறைமுகத்தையும், ஒவ்வொரு ஊரிலும் கப்பல் நிற்கும் நேரத்தையும் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

ஜூன் 23, ஸ்வோல்வார்

காலையில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். ஒரு சிறு பாறைத்தீவில் உலக உருண்டை வடிவில் அடையாளம். இரவு இறங்கினோம். நார்வேயில் இன்று நடுக்கோடை இரவு, கரையோரங்களில் நெருப்பு மூட்டும் நாள். சூரியன் மறையவே இல்லை.

ஜூன் 26, ரைனெ

மீனவர் குடிலில் இருக்கிறோம். ரோர்பு என்பார்கள், கம்புகளின் மேல், தண்ணீருக்கு மேலே நிற்கிறது. வெளியே காட் மீன் காய வைக்கும் மரச்சட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன, பருவம் முடிந்துவிட்டது. காய்ந்த மீன் இத்தாலிக்கும் தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

வந்ததிலிருந்து மேகம். எதிரே மலை இருக்கிறது என்பதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தோம். நாளை காலை கிளம்புவதாகத் திட்டம். நாளை மாலை திறக்கும் என்று வீட்டுக்காரம்மா சொல்ல, வானிலை அறிக்கையும் அதையே சொன்னது. ரைனெபிரிங்கன் மலைக்கு நேபாள ஷெர்பாக்கள் அடுக்கிய ஏறக்குறைய 2,000 கற்படிகள் இருக்கின்றன; அக்கா அதில் ஏற வேண்டும் என்று பெர்கனிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு நாள் கூட இருந்துடலாமே" என்றார் அம்மா.

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன், நாளை இரவுக்குக் குடில் காலியாம். ஃபெரியைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். போடோ விடுதியில் ஓர் இரவுக் காசு போனது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரயிலில் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று இருக்கைகள் கிடைத்தன. அம்மாவுக்கு ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.