எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்த கதை

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 21 பிள்ளைகள்தான். டீச்சர்கள் இரண்டு பேர். 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னைத் தலைவராக உட்கார வைத்தார்கள். குழுவுக்கு 24 பேர் வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். எங்கள் ஊர்க் கணக்குக்குப் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் குழுவுக்குள் வந்துவிட்டது.

அப்போது பள்ளியில் போர் மோட்டார் கருகி ஐந்து மாதம். காலை உணவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சமையல் அக்காக்கள் தெருக்குழாயில் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்தார்கள். கழிப்பறைக்கு அதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வருவாள். ஒரு நாள் ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். விசாரித்தால் இன்னும் நாலு பெண் பிள்ளைகளுக்கும் அதே கதை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதினோம். அதை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஒரு மாதம் போனது. முதலில் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். டீச்சர்களும் பாடமும்தான் அவர்கள் பொறுப்பாம். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது, வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள் என்றார்கள். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு, "பார்க்கிறோம், போங்கம்மா" என்றார்கள். இருபது நாள் கழித்துப் போனால் அப்படி ஒரு மனுவே வரவில்லை என்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனவளுக்கு எப்படி இருக்கும்! அடுத்த தடவை இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகரவில்லை. மனு கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

அப்புறம் அக்டோபர் 2 கிராம சபை. நாங்கள் ஒன்பது அம்மாக்கள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பள்ளித் தீர்மானத்தை எழுந்து வாசித்தேன். கை நடுங்கியது. "மோட்டாரைச் சரி பண்ணிடலாம்மா" என்றார் ஊராட்சித் தலைவர். பின்னால் நின்ற டேங்க் ஆபரேட்டர் அண்ணன்தான், "அந்தப் போர்ல தண்ணி இறங்கிப் போச்சுங்க, திரும்பவும் கருகும். நம்ம பைப் லைன் பள்ளிக்கூடத்துக்கு எண்பது அடியிலதான் போகுது. அதுலருந்து இழுத்து ஒரு சின்டெக்ஸ் வச்சா முடிஞ்சுது" என்றார். எங்களில் யாருக்கும் இது தோன்றவே இல்லை. அந்த அண்ணனை நான் மறக்கமாட்டேன். அதையே கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டபிறகே கையெழுத்துப் போட்டோம்.

தீபாவளி போய், மழை விட்டு, கார்த்திகைக் கடைசியில்தான் பள்ளம் தோண்டினார்கள். நடுவில் நாலைந்து முறை போன் பண்ணினேன். ஒவ்வொரு முறையும் தீர்மான எண்ணைச் சொல்லித்தான் பேசினேன். வெறுமனே "பள்ளிக்கூடத் தண்ணி விஷயம்" என்றால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தண்ணீர் வந்த அன்று பிள்ளைகள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். டீச்சர் அதட்டவில்லை. என் மகள் இப்போது கொண்டுபோகிற பாட்டிலைக் காலி பண்ணிவிட்டுத்தான் வருகிறாள்.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதை இந்த மாதக் கூட்டத்தில் எழுதியிருக்கிறோம்.