கரகரப்பைக் காப்பாற்றும் வேலை

யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகியபோது மாஸ்டர் முதல் நாளே சொன்னது இதுதான்: "தம்பி, கரகரப்பு இல்லாமல் பாடவேணும். அதுதான் எங்கட வேலை." கரகரத்தால் கண்டென்சரைப் பார், ஸ்பீக்கரின் கூம்பைப் பார், வால்வைப் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயை) பென்சிலால் தட்டிப் பார். மூன்றும் கையோடு ஊறிவிட்டன.

சில வருடங்கள் கழித்து மேற்கு லண்டனில் கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, திருத்தும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். முதலில் என் மேசைக்கு வந்தது மார்ஷல் கம்பனியின் பழைய ஆம்ப் ஒன்று. அதற்கு இருந்த உண்மையான கோளாறு சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. அதை அப்படியே விட என் மனம் ஒப்பவில்லை. சிக்னல் முதலில் போய்ச்சேரும் இடத்தில் இருந்தது ஈசிசி83 வால்வு. சிக்னலை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கி அடுத்த கட்டத்தைத் திணறடிக்கிறது என்று எனக்குப் பட்டது. அதே சொக்கெட்டில் பொருந்தக்கூடிய 12ஏஒய்7 என்ற வால்வு பட்டறையில் கிடந்தது, பெருக்கம் பாதிக்கும் குறைவு. எடுத்துப் போட்டேன். ஆம்ப் கண்ணாடி போலப் பேசியது.

சொந்தக்காரர் வந்து கிட்டாரைச் செருகி ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இதில் இருந்த கரகரப்பு எங்கே?" என்று கேட்டார். நான் பெருமையாக, "எடுத்துவிட்டேன்" என்றேன்.

முதலாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மார்ஷலைத் திரும்பவும் ஃபெண்டர் ஆக்கிவிட்டாய் என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மார்ஷல் ஆம்ப் பிறந்த கதையைச் சொன்னார்.

ஜிம் மார்ஷல் டிரம்ஸ் அடிப்பவர், டிரம்ஸ் ஆசிரியர். 1960இல் ஹான்வெல்லில், உக்ஸ்பிரிட்ஜ் ரோடு 76ஆம் இலக்கத்தில் டிரம்ஸ் கடை போட்டார். (சவுதோல் மரக்கறிக் கடைகளுக்குப் போகும்போது அந்த வழியாக 207 பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்பேன்! ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.) டிரம்ஸ்காரர்களோடு கிட்டார்காரர்களும் வந்தார்கள். பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் அப்படி வந்தவர்கள். அவர்கள் ஆசைப்பட்ட அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் இங்கிலாந்தில் யானை விலை. சரி, நாமே செய்துவிடலாம் என்று கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், இஎம்ஐ என்ற மின்னணுக் கம்பனியில் வேலை பழகிக்கொண்டிருந்த டட்லி கிரேவன் என்ற பையனும் இறங்கினார்கள். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ஃபெண்டர் பாஸ்மேன். பெயரே சொல்கிறதே, அது பாஸ் கிட்டாருக்காகச் செய்த ஆம்ப். 1962இல் ஜேடிஎம்45 பிறந்தது. ஜிம், அவர் மகன் டெரி, மார்ஷல் என்ற மூன்றின் முதலெழுத்துகள்.

சர்க்கியூட் ஏறக்குறைய அச்சு நகல்தான். ஆனால் அமெரிக்கச் சாமான் கிடைக்காத இடத்தில் உள்ளூர்ச் சாமான் ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் ரேடியோஸ்பேர்ஸ் கம்பனியின் விற்பனைப் பட்டியலில் இருந்து வந்தது. கொஞ்சக் காலத்திலேயே ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டுக் கட்டத்துக்கு பிரிட்டிஷ் கேடி66 வால்வு வந்தது, பிறகு இஎல்34. பாஸ்மேனில் நாலு 10 அங்குல ஸ்பீக்கர், முதுகு திறந்த பெட்டி. இவர்கள் நாலு 12 அங்குல செலெஸ்டியன் ஸ்பீக்கரை முழுதாக மூடிய பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் இடத்தில் ஃபெண்டர் போட்டிருந்த 12ஏஒய்7க்குப் பதில் ஈசிசி83. அதாவது நான் கழற்றி எறிந்தது. பெருக்கம் கூடியதால் ஆம்ப் சீக்கிரமே திணறத் தொடங்கியது. வால்வு திணறும்போது ஒலி அலையின் தலையை வெட்டுகிறது, ஆனால் கத்தியால் நறுக்கியதுபோல் அல்லாமல் மழுங்கலாக. காதுக்கு அது உறுமல். அந்த உறுமலைத்தான் உலகம் மார்ஷல் என்கிறது.

கதையைக் கேட்டபோது எனக்கு ஊர் நினைவுதான் வந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பட்டரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ ஓடும். டைனமோ தருவது ஏசி. அதை டயோட் போட்டு, கண்டென்சர் போட்டுச் சீராக்கிக் கொடுப்பது எங்கள் கடை வேலை. சரியான கண்டென்சர் எங்கே கிடைக்கும்? இருந்ததைப் போட்டோம். செய்தி கேட்டால் போதும் என்ற நிலை, அதனால் யாரும் எங்கள் சத்தத்தைப் புகழவில்லை. ஹான்வெல்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

அடுத்த பாடம் கடுகில் வந்தது. அறுபதுகளின் கடைசியில் செய்த ஒரு மார்ஷல். உள்ளே உருளையான மஞ்சள் கண்டென்சர்கள். வயதாகிவிட்டன, புதியன போடுவோம் என்று அத்தனையையும் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். சுத்தமாகப் பற்றவைத்திருந்தேன், கோயில் தூண் போல வரிசை. முதலாளி வந்து, "கடுகெல்லாம் எங்கே?" என்று கேட்டார். அவருடைய சான்ட்விச்சைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினேன். நம் கடுகு கறுப்பு. அவர்கள் கடுகு என்றால் அந்த மஞ்சள் விழுது. கண்டென்சரின் நிறத்தை வைத்து அப்படிப் பெயர். அவற்றுக்காகவே பழைய மார்ஷலுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தேயிலைச் சக்கைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, அளந்து பார்த்தேன். எல்லாம் நல்லாகவே இருந்தன! வெட்டிய கால்களுக்குக் கம்பி ஒட்டித் திரும்பப் போட இரண்டு நாள் போயிற்று.

பெயர் பெற்ற சாமானைத் திருத்துவதில் இந்தச் சங்கடம் உண்டு. இலக்கங்களும் குழப்பும். "என்னிடம் 1959 மார்ஷல் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்கக்கூடாது. 1959, 1962, 1987 எல்லாம் ரோஸ்-மோரிஸ் என்ற விநியோகக் கம்பனியின் பட்டியல் இலக்கங்கள். 1959 என்ற ஆம்ப் வந்தது 1965இல். அந்தக் கம்பனியோடு ஜிம் போட்ட 15 வருட ஒப்பந்தத்தால் வெளிநாடுகளில் மார்ஷலின் விலை ஏறி விற்பனை அடிபட்டது. 1981இல் அது முடிந்து கைவிலங்கு கழன்றதும் ஜேசிஎம்800 வந்தது. ஜேசிஎம் அவர் பெயரின் முதலெழுத்துகள். 800? அவருடைய கார் நம்பர் பிளேட்டில் இருந்தது.

எனக்குப் பிடிக்காத பகுதி தூக்குவது. நாலு ஸ்பீக்கர் பெட்டி 35 கிலோவுக்குக் குறையாது. டவுன்ஷெண்ட் முதலில் எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் கேட்டு வாங்கினாராம். தூக்கிய ஆட்கள் புலம்பிய பிறகுதான் அது இரண்டு நாலாகப் பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியது. இன்று எல்லாரும் படம் பிடிக்கிற அந்தக் கோபுரம் வந்த வழி அது. சில பெரிய மேடைகளில் பின்னால் சுவர்போல நிற்கும் பெட்டிகளில் பாதிக்கு உள்ளே ஸ்பீக்கரே இல்லை. அப்படியொரு காலிப் பெட்டி கைப்பிடி உடைந்து ரிப்பேருக்கு வந்தபோது நான் வாழ்த்தி வரவேற்றேன்.

ஒரு தரம் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. ஃபியூஸ் போன இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். இஎல்34 ஒன்று சிவந்து எரிந்து, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் மணம். அரைப் பவுண் ஃபியூஸைக் காப்பாற்ற நினைத்து அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரைக் கொன்றிருந்தார்கள். பேசாமல் வெள்ளித்தாளை உருட்டி வாடிக்கையாளர் கையில் கொடுத்தேன். ஊரில் நாங்களும் அதே தாளைச் சுற்றியவர்கள்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜிம் மார்ஷல் 2012 ஏப்ரலில் இறந்தார். ஹெட்ஃபோன், புளூடூத் ஸ்பீக்கர்களுக்கு மார்ஷல் பெயரை உரிமத்தில் எடுத்திருந்த ஸ்வீடன் கம்பனி 2023இல் ஆம்ப் கம்பனியையே வாங்கிவிட்டது. வாலை வாங்கியவன் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போன கதை. என் மருமகன் அந்த ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டு, "மாமா, இவங்கள் கிட்டார் ஆம்பும் செய்யிறவங்களோ?" என்று கேட்டான்.

போன மாதம் ஒரு அம்மா மார்ஷல் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்புத் தோல் உறை, முகத்தில் அதே வெள்ளைக் கையெழுத்து. உள்ளே வால்வு, கடுகு ஒன்றுமில்லை. என்ன கோளாறு என்று கேட்டேன். "சத்தம் கூட்டினால் கரகரக்கிறது. அதை எடுத்துவிட முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். கூம்பின் ஓரம் விட்டிருந்தது. பசை காய மட்டும் ஒரு நாள் கேட்டேன்.