நாற்பது நாள் வெயிலில் மஞ்சளும் மஞ்சிட்டியும்

பருத்தித் துணியில் மஞ்சள் கிழங்கின் நிறத்தை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்ய மூன்றாவது முறையாக முயன்று, இந்த முறையும் தோற்றுவிட்டேன். ஆனால் அதே ஜன்னலில், அதே நாள்களில் தொங்கிய மஞ்சிட்டி வேரின் சிவப்புச் சாயம் ஏறக்குறையப் போட்டபடியே இருப்பதால், கோளாறு சாயத்தை இழையில் பிடிக்கவைக்கும் என் நிறமூன்றியான படிகாரத்தில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

இரண்டுக்கும் ஒரே துணி, ஒரே பக்குவம்: சலவை சோடாவில் வேகவைத்துக் கஞ்சியும் மெழுகும் நீக்கி, கடுக்காய் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு துணியின் எடையில் 15 சதவீதப் படிகாரம். பருத்தி படிகாரத்தைத் தானாகச் சரிவரப் பற்றாது என்பதால் கடுக்காயை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

என் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது சோதனைத் துண்டுதான். முதல் முறை மெல்லிய தாளால் மறைத்தேன். ஒளி ஊடுருவி மறைந்த பாதியும் வெளுத்தது. இரண்டாம் முறை கறுப்பு அட்டையைக் கவ்விகளால் பிடித்தேன். காற்றில் அது தூக்கிக்கொண்டதால் ஓரம் கலங்கிப்போய், எங்கே வெயில் தொடங்கியது என்றே சொல்ல முடியவில்லை. இந்த முறை இரட்டை அட்டையைத் துணியோடு சேர்த்து இறுகத் தைத்து, பத்து நாளுக்கொரு முறை தையலைப் பிரித்து இரண்டு விரற்கடை நகர்த்தித் திரும்பத் தைத்தேன். பிரித்தபோது அளவுகோல் வைத்துக் கோடிட்டதுபோல் பட்டைகள் தெரிந்தன. மறைந்திருந்த பகுதி முட்டைக்கரு மஞ்சளாக இருக்க, பத்தே நாள் வெயில் கண்ட பட்டை பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. நாற்பது நாள் கண்ட பட்டை அதைவிடச் சற்றுதான் வெளிறியிருந்தது. போகவேண்டியது முதல் சில நாள்களிலேயே போய்விடுகிறது.

படிகாரம் சாயத்தை இழையோடு பிணைத்து, நீரில் கழன்று போகாமல் காக்கிறது. ஆனால் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் மூலக்கூறையே ஒளி சிதைத்துவிடுகிறது. பிணைப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பிணைக்கப்பட்டதே உடையும்போது பயனில்லை. மஞ்சிட்டியின் நிறப்பொருள்கள் ஆந்த்ரகுவினோன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. ஒளியில் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. சலவைத் தாங்குதிறனுக்கு 5 படி, ஒளித் தாங்குதிறனுக்கு 8 படி எனத் தரநிலைகளில் தனித்தனி அளவுகோல்கள் இருப்பதன் நியாயம் இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மஞ்சள் துணி காரமான சோப்பில் சிவப்பதையும் வெளுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது; எலுமிச்சைச் சாறு பட்டால் அது மஞ்சளுக்கே திரும்பிவிடும்.

மஞ்சிட்டியைப் பொடியாக வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். முன்பு வந்த பொடியில் பாதி மண்ணாகவே இருந்தது. வேராக வாங்கினால் ஒடித்து உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கொதிக்கவிட்டால் பழுப்பு ஏறிவிடுவதால் 70 டிகிரிக்கு மேல் நான் சூடாக்குவதில்லை.

அடுத்து மாதுளந்தோல் மஞ்சளை, சிறிதளவு அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்த்தும் சேர்க்காமலும், இதே அட்டையின் கீழ் வைக்கப்போகிறேன். நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டிக்கான ஏற்பாடுகளும் பாதியில் நிற்கின்றன. மஞ்சிட்டித் துண்டை இன்னும் இறக்கவில்லை. அதன் அட்டையை நேற்றுதான் ஐந்தாம் முறையாகப் பிரித்துத் தைத்தேன்.