ஓர்மையில்லாதவளின் நாற்பது பக்க நோட்டு

ஆறாம் வகுப்பு ராங்க் கார்டைத் தேடி, நான் படித்த பள்ளிக்கு மூன்று முறை போய் வந்தேன். எனக்கு வயது 46. நானே ஒரு தமிழாசிரியை. முதல் முறை போனபோது, "இந்த வயசுல ராங்க் கார்டு கொண்டு போய் எந்த வகுப்புல சேரப் போறீங்க டீச்சர்?" என்று எழுத்தர் சிரித்தார். இரண்டாம் முறை மனு எழுதிக்கொண்டு போனேன். பதிவேட்டு அலமாரியின் சாவி விடுப்பில் போன ஒருவரிடம் இருந்தது. மூன்றாம் முறை அலமாரி திறந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளமாக இரண்டு மச்சங்கள், அவ்வளவுதான். ராங்க் கார்டு ஆண்டு முடிவில் வீட்டுக்கே போய்விடும் பொருள் என்பது, வருடந்தோறும் அதில் கையெழுத்துப் போடுகிற எனக்கே உறைக்கவில்லை.

அலைச்சலுக்குக் காரணம் இருந்தது. மகனைக் கவனக்குறைவுக்காக நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியபோது, அவனைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு என் வாழ்க்கையே பதிலாக இருந்தது. அதற்கு முன் ஒருவர் எனக்கு மனச்சோர்வு என்று ஓராண்டு மாத்திரை கொடுத்திருந்தார். இன்னொருவர் "மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அதில் பாதி உண்மை உண்டு. அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாடும் தடுமாறி, ஏற்கெனவே உள்ள கவனச் சிக்கல் கூடித் தெரியக்கூடும். ஆனால் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு அந்த வயதில் புதிதாக முளைப்பதாகக் கணக்கில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறியும் கையேட்டின்படி, 17 வயது நிரம்பியவருக்குக் கவனக்குறைவு, மிகை இயக்கம் என்ற இரு பிரிவுகளில் ஒன்றிலாவது, அதன் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பழைய பதிப்பில் அந்த எல்லை 7 வயதாக இருந்தது. ஆகவேதான் மருத்துவர், "சின்ன வயசுக்கு ஏதாவது சான்று இருந்தால் கொண்டு வாருங்கள்" என்றார்.

பள்ளி கைவிட்ட பிறகு குலசேகரத்தில் இருக்கும் அம்மையிடம் போனேன். நேராகக் கேட்டது என் தவறு. "எம் மகளுக்கு என்ன கொறவு? டீச்சராக்கும் அவ" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி கேட்டேன்: "சின்னதுல நான் என்னென்ன செஞ்சு அடி வாங்கினேன்?" அம்மை சிரிக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. அரிசி திரிக்க மில்லுக்கு அனுப்பினால் மாவுப் பாத்திரத்தைக் குளத்தங்கரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தது, அதுவும் இரண்டு தடவை. ஒரு காலில் மட்டும் செருப்போடு பள்ளியிலிருந்து திரும்பியது. "ஓர்மை கெட்ட சவம்" என்று பெரியம்மை வைத்த பட்டம். எங்கள் பக்கத்தில் நினைவுக்கு ஓர்மை என்றே பெயர். அத்தனையையும் அம்மையின் வாய்ச்சொல்லிலேயே, எந்த வகுப்பில் நடந்தது என்ற குறிப்போடு ஏழு பக்கம் எழுதினேன். இந்த வழியில் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பள்ளி அலுவலகத்தில் பொழுதைக் கழிக்காதீர்கள், உங்களை அடித்தவர்களைக் கேளுங்கள்.

மருத்துவர் ஏழு பக்கத்தையும் வாசித்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, எனக்கும் ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்தார்.

அன்று நிம்மதி வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தது துக்கம். நாற்பது ஆண்டுகளாகச் சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று கேட்டவற்றையெல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. மனநல ஆலோசகர் எழுதிப் பார்க்கச் சொன்னார். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுத வைத்தார். உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் சுகாதார மையத்துக்குப் போவது குறைந்ததாம். அதே ஆய்வில், எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் வாடித்தான் இருந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலும் அது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வும் அல்ல. பதினைந்து நிமிடத்தில் நிறுத்தத் தெரிந்திருந்தால் எனக்கு எதற்கு மருத்துவர்? இரவு பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி வரை எழுதினேன். வெப்ராளம் என்று நாங்கள் சொல்லும் மனப்பதைப்பு கூடி உறக்கம் போய், மறுநாள் வகுப்பில் வருகைப் பதிவையே மறந்தேன்.

அதன் பிறகு ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தேன். தோல் அட்டை போட்ட மூன்று டைரிகள் வாங்கினேன். மூன்றிலும் நான்கைந்து பக்கம் எழுதியதோடு சரி. பருப்பு வைத்து, குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. பருப்பு கரிந்தது. கடைசியில் நிலைத்தது, மாணவர்கள் வைத்திருப்பது போன்ற நாற்பது பக்க நோட்டும், அடுத்த அறையில் வைத்து அடிக்கவிட்ட அலைபேசி அலாரமும்தான். எழுந்து போய் நிறுத்த வேண்டியிருப்பதால் எழுத்தும் நிற்கும். எழுதுவது மாலையில் மட்டும்.

இடப்பக்கத்தில் மற்றவர்கள் சொன்ன வாக்கியம் ஒன்று, வலப்பக்கத்தில் அன்று நடந்தது. தங்கையின் கல்யாணத்தன்று நகை அலமாரிச் சாவியை நான் தொலைத்ததை இருபது ஆண்டுகளாகக் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். வலப்பக்கத்தில் அந்தக் காலையை வரிசையாக எழுதியபோதுதான், நான்கு பேர் வாய்மொழியாக எனக்கு ஆறு வேலைகள் தந்திருந்தார்கள் என்பதும், அவற்றில் ஐந்தை நான் முடித்திருந்தேன் என்பதும் தெரிந்தது. அந்த ஐந்தை இதுவரை நானும் எண்ணியதில்லை. அலாரம் அடித்த பிறகும் வெகுநேரம் அழுதேன், ஆனால் அந்த இரவு உறங்கினேன். அதற்காக வலப்பக்கம் சாக்குச் சொல்லும் இடமாகிவிடக்கூடாது. பென்சில் பெட்டியைத் தொலைத்ததற்காக மகனை நான் சுடுசொல் சொன்னதை எப்படி எழுதியும் நியாயப்படுத்த முடியவில்லை. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

எழுத்து மருந்துக்கு மாற்று அல்ல. மருந்து வாங்குவதும் எளிதல்ல. எனக்கு எழுதித் தந்த மெத்தில்ஃபெனிடேட், கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் உள்ளதால், மருந்துச் சீட்டு இரண்டு படிகளாக வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒற்றைச் சீட்டோடு தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். தொலை மருத்துவத்துக்கான 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி இந்த வகை மருந்தை ஆன்லைன் ஆலோசனையில் எழுதித் தரக்கூடாது என்பதையும், பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆயினும் அந்த நோட்டின் கடைசிப் பக்கங்கள் இங்கேதான் உதவின: மாத்திரை போட்ட நேரம், கவனம் கலைந்த நேரம், மாதவிடாய்த் தேதி ஆகியவற்றை ஆறு வாரம் குறித்து வைத்துக் காட்டியதும், மருத்துவர் வேளையை மாற்றிக் கொடுத்தார்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்த நாளில், அதே பழுப்பு அட்டை போட்ட என் நோட்டும் கட்டோடு போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு சிறுமி அதைக் கொண்டுவந்து நீட்டி, "பேரெழுதாத நோட்டை வாங்க மாட்டேன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்றாள். எவ்வளவு வாசித்தாள் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. இப்போது பச்சை அட்டை போட்டு அரிசி டப்பாவுக்குள் வைக்கிறேன்.

போன மாதம் மாவுக் கதையை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு தடவை இல்ல மக்களே, மூணு தடவை" என்றாள். மூன்றாவது தடவை பாத்திரத்தை எங்கே விட்டேன் என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்துவிட்டு, அது தனக்கும் ஓர்மையில்லை என்றாள்.