செல்டாவுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே: சியாங் மாயிலிருந்து ஹனோய்க்குத் தரைவழியில்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பயிற்சி முடிந்ததும் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வேலையில் சேரலாமா, கையிருப்பு தாங்குமா?" என்பதுதான். தாங்கும். ஆனால் ஊர் சுற்றும் பணத்தையும், வேலை பார்க்கப் போகும் ஊரில் குடியேறுவதற்கான பணத்தையும் ஒரே பையில் போட்டுவிடக் கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

நான் மதுரைப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். எம்.ஏ., பி.எட். கையில் இருந்தாலும் வெளிநாட்டு மொழி மையங்கள் கேட்பது, செல்டா (CELTA) என்ற ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழையோ அதற்கு இணையான 120 மணி நேரச் சான்றிதழையோதான். செல்டாவைத் தாய்லாந்தில் உள்ள சியாங் மாயில் முழுநேரமாகப் படித்தேன். நான்கு வாரம், நான்கு எழுத்துப் பணிகள், உண்மையான மாணவர்களுக்கு முன்னால் மொத்தம் 6 மணி நேர வகுப்பு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். அந்த நான்கு வாரத்தில் ஊரைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் வகுப்பு, மாலையில் பாடக்குறிப்பு, இரவில் பிரிண்ட் கடை. கோர்ஸ் முடியும்போது உடம்பும் மனசும் ஓய்வு கேட்கும். அதனால் இடைவெளி விட்டு வேலையில் சேருவது ஆடம்பரம் இல்லை, தேவை என்றே நான் சொல்வேன்.

கடைசி வாரத்திலேயே வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஒரு மொழி மையத்தில் ஆன்லைன் நேர்காணல் முடிந்தது. அதற்கு முன் பார்த்த விளம்பரங்களில் பாதி "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்", அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும், என்றே இருந்தன. அவற்றுக்கு நேரம் செலவழிக்காமல், தகுதியை மட்டும் கேட்ட இடங்களுக்கே விண்ணப்பித்தேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்லும் முன் காகிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் தடுமாறியவர்கள்தான் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு ஓடியிருக்கிறார்கள். வியட்நாமில் ஒர்க் பெர்மிட் வாங்க, பட்டச் சான்றிதழுக்கு நம் ஊரிலேயே அட்டெஸ்டேஷன் செய்திருக்க வேண்டும். பல நாடுகள் ஒரே முத்திரையாக ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில், நான் செய்த சமயத்தில் அங்கே செல்லாது. அதனால் முதலில் மாநில உயர்கல்வித் துறை, அதன்மேல் வெளியுறவு அமைச்சகம், அதன்மேல் டெல்லியில் உள்ள வியட்நாம் தூதரகம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அத்துடன் பாஸ்போர்ட் சேவா மூலம் போலீஸ் கிளியரன்ஸ். அதற்கு ஆறு மாத ஆயுள்தான், எனவே ரொம்ப முன்கூட்டியும் வாங்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு ஏஜெண்ட் இதற்கெல்லாம் கேட்ட தொகையில் ஒருவர் லாவோஸ் முழுவதையும் சுற்றிவிட்டு வரலாம். கட்டணத்துக்குச் சரியாக ரசீது கொடுக்கிற வேறொருவரைத் தேடிப் பிடித்தேன். இதை விமானம் ஏறும் முன்பே முடித்தாக வேண்டும். சியாங் மாயில் உட்கார்ந்துகொண்டு பட்டச் சான்றிதழை டெல்லிக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, செல்டா சான்றிதழ் கோர்ஸ் முடிந்த அன்று கைக்கு வராது. பயிற்சி மையம் ஒரு தற்காலிகச் சான்று தரும். அசல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலிருந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும். அது இங்கிலாந்தில் வழங்கப்படும் ஆவணம் என்பதால் அதற்கான முத்திரை வழியும் அந்த நாடு வழியாகத்தான் போகிறது. அதை யார் பார்த்துக்கொள்வது, யார் செலவு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், வேலை கொடுத்த மையமே ஏற்றுக்கொண்டது.

அதே மூச்சில் கேட்ட இன்னொரு கேள்விதான் என் பயணத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது. வேலைக்கான விசாவுக்கு, வியட்நாமில் இருக்கும் நிறுவனம் அங்குள்ள குடிவரவுத் துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். எந்தத் தூதரகத்தில் விசாவை வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதுவார்கள். பெரும்பாலும் நம்மைக் கேட்காமல் "டெல்லி" என்று எழுதிவிடுவார்கள். நான் லாவோஸின் தலைநகரான வியெஞ்சான் என்று எழுதச் சொன்னேன். சியாங் மாயிலிருந்து மீகாங் ஆற்றில் இறங்கி, லுவாங் பிரபாங் வழியாக வியெஞ்சான், அங்கே விசா, அங்கிருந்து பஸ்ஸில் ஹனோய். சென்னைக்குத் திரும்பிப் போய் மறுபடி விமானம் ஏறும் செலவு அப்படியே மிச்சம்.

இப்போது பணம். ஹனோயில் வீட்டு உரிமையாளர்கள் பலர் ஒரு மாத டெபாசிட்டோடு சில மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். மூன்று மாதம் கேட்பவர்களும் உண்டு. சம்பளமோ வேலை செய்து முடித்த மாதத்துக்கு அடுத்த மாதம்தான் வரும். அதனால் வாடகை, சாப்பாடு, மெடிக்கல் செக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து டாலராக மாற்றி, ஒரு கவரில் போட்டு ஒட்டி, சான்றிதழ்க் கோப்புக்குள் வைத்துவிட்டேன். மீதி இருந்ததுதான் பயணத்துக்கு. அதற்குள் அடங்கும் இடங்களுக்கு மட்டுமே போனேன். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்துக்கொண்டது, நம் கணக்கில் ஐநூறு ரூபாய்க்கு மேல். சிறுகச் சிறுக எடுக்கும் பழக்கம் இருந்தால் ஹாஸ்டல் வாடகையை ஏடிஎம்முக்கே கட்டிவிடுவோம். எடுத்தால் ஒரேயடியாக எடுங்கள்.

சியாங் மாயிலிருந்து பஸ்ஸில் சியாங் கோங் போய், நான்காவது நட்புறவுப் பாலத்தில் எல்லை கடந்தேன். பாலத்தை நடந்து கடக்க விடமாட்டார்கள், அதற்கென்று ஓடும் பஸ்ஸில்தான் போக வேண்டும். மறுகரையில் ஹுவாய் சாய். லாவோஸ் விசாவை அங்கேயே கொடுத்தார்கள். கட்டணத்தைத் தாய்லாந்துப் பணமாகக் கொடுத்தால் கூடுதலாகப் பிடிக்கிறார்கள், டாலர்தான் லாபம். நோட்டு கசங்காமல், கிழியாமல் இருக்க வேண்டும். ஒரு பாஸ்போர்ட் போட்டோவும் வைத்திருங்கள்.

அப்புறம் அந்தப் படகு. ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு பகல், நடுவில் ஓர் இரவு பாக்பெங் என்ற மலைச்சரிவு ஊரில். நீளமான மரப்படகு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளை இரண்டு பக்கமும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல இருக்கைகள் தரையோடு முடுக்கப்படவே இல்லை, கால் நீட்ட வேண்டுமானால் இருக்கையோடு பின்னால் நகர்ந்துகொள்ளலாம். பின்பக்கம் எஞ்சின் அலறும், அதனால் சீக்கிரம் போய் முன்பக்கம் இடம் பிடித்துவிட வேண்டும். வழியில் படித்துறை, பலகை எதுவும் இல்லாத மணல் திட்டில் படகு மூக்கை முட்டி நிற்கும். அரிசி மூட்டையோடு ஒரு குடும்பம் இறங்கும், வலையோடு இரண்டு பேர் ஏறுவார்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு அது டவுன் பஸ். இதை உணர்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார முடியும். காலையில் ஆற்றுக் காற்று எலும்பு வரை குளிரும். வெப்பமண்டல நாடுதானே என்று ஸ்வெட்டரை அடியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் எல்லாரும் போர்வை தேடினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, மூங்கில் கூடையைத் திறந்து காவ் நியாவை என் பக்கம் நகர்த்தினார். கையில் உருட்டினால் ஒட்டிக்கொள்ளும் சோறு. தொட்டுக்கொள்ளச் சுட்ட தக்காளி, மிளகாய், பூண்டு சேர்த்து இடித்த ஜேயோ. நான் கையால் எடுத்து உருட்டியதைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அதன்பின் லாவோஸில் என் காலைச் சாப்பாடு அதுதான். சந்தையில் சோறும் ஜேயோவும் வாங்கினால் மதியம் வரை பசிக்காது, செலவும் மிகக் குறைவு. அந்த அம்மா எனக்கு லாவோ எண்களும் சொல்லிக் கொடுத்தார். நெங், சோங், சாம். ஒன்றைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், சரியாக வரும்வரை விடமாட்டார், அப்புறம் திடீரென்று நடுவிலிருந்து ஒரு விரலைக் காட்டிக் கேட்பார். சியாங் மாயில் டிரில்லிங் என்ற பெயரில் நான் குறிப்பெடுத்துப் படித்ததை அவர் சோறு மென்றுகொண்டே செய்தார். அவ்வளவு நல்ல ஆசிரியரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

லுவாங் பிரபாங்கில் படகு நிற்கும் துறை ஊருக்கு வெளியே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கூட வந்தவர்களோடு சேர்ந்து டுக்டுக் பிடியுங்கள். 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர், அதனால் நடு ஊரில் அறை விலை ஏறிப்போயிருக்கிறது. சற்றுத் தள்ளி, ஹாஸ்டலில் ஒரு பெட் 500 முதல் 700 ரூபாய்க்குள் கிடைத்தது. கோயில்கள், குவாங் சி அருவி, இரவுச் சந்தை எல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. நான் அங்கே அதிக நேரம் இருந்தது பிக் பிரதர் மவுஸ் என்ற இடத்தில். லாவோ மொழியில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற அமைப்பு அது. காலையிலும் மாலையிலும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் பழக வருவார்கள். வழிப்போக்கர்கள் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம், கட்டணம் எதுவும் இல்லை.

எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். மலைக் கிராமத்திலிருந்து வந்து ஊரில் தங்கிப் படிக்கிறான். நேற்று நடந்ததை எல்லாம் நிகழ்காலத்திலேயே சொன்னான். நம் பள்ளியில் என்றால் உடனே கரும்பலகையில் விதியை எழுதியிருப்போம். அவன் நோட்டில் ஒரு கோடு போட்டு, நடுவில் "இன்று" என்று புள்ளி வைத்து, பேனாவை அவனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தான். பிறகு அவனே இடது பக்கம் ஒரு புள்ளி வைத்துவிட்டு, முதல் வாக்கியத்தை மாற்றிச் சொன்னான். அடுத்ததையும் மாற்றினான். நான் வாயே திறக்கவில்லை. பயிற்சியில் மதிப்பெண் போட ஒருவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். இங்கே யாரும் இல்லை, கற்றது மட்டும் இருந்தது.

கிளம்பும்போது அவன், வீட்டில் நாங்கள் ஆங்கிலம் பேசுவோமா என்று கேட்டான். தமிழ்தான் பேசுவோம், ஆங்கிலம் நானும் பள்ளியில் போய்ப் படித்ததுதான் என்றேன். அவனுக்கு வீட்டில் மோங், பள்ளியில் லாவோ, ஆங்கிலம் மூன்றாவது. முகம் மலர்ந்து, நான் எப்படிப் படித்தேன், எத்தனை வருடம் ஆயிற்று, எந்த இடத்தில் கஷ்டப்பட்டேன் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான். அவன் வழியிலேயே நடந்து வந்த ஒருத்தியால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் அந்த மேஜையில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

லுவாங் பிரபாங்கிலிருந்து வியெஞ்சானுக்கு ரயில். 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய லாவோஸ்–சீனா ரயில் பாதை அது. முன்பு மலைப்பாதையில் பகல் முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிய தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. விமான நிலையம் போல் சோதனை செய்து, கத்தரிக்கோல், ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள்.

வியெஞ்சானில் தூதரக வேலை சுலபமாக முடிந்தது. முன் அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட், போட்டோ, கட்டணம், காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் கோப் (COPE) என்ற மறுவாழ்வு மையத்தைப் போய்ப் பார்த்தேன். 1964 முதல் 1973 வரை இந்தச் சிறிய நாட்டின்மேல் அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. வெடிக்காமல் மண்ணில் கிடந்தவற்றை மிதித்துக் கால் இழந்தவர்களுக்கு அந்த மையத்தில் செயற்கைக் கால் தருகிறார்கள். படகில் பார்த்த அந்தக் கரையோர வயல்கள் எனக்கு அதன்பின் வேறு மாதிரித் தெரிந்தன.

வியெஞ்சானிலிருந்து ஹனோய்க்கு ஸ்லீப்பர் பஸ், ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க. இதில் பணம் மிச்சம், உடம்புக்குச் செலவு. ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வார்கள். படுக்கை ஐந்தடி ஆளுக்குச் சரியாக இருக்கும். நடைபாதையிலும் ஆட்களும் மூட்டைகளும் இருப்பார்கள். விடியும் முன் கவ் சேவ் எல்லைக்குப் போய், அலுவலகம் திறக்கும்வரை மலைக்குளிரில் நின்றோம். தனியாகப் போகும் பெண்களுக்கு என் யோசனை: மேல் படுக்கையைக் கேளுங்கள், சான்றிதழ்க் கோப்பைப் பஸ்ஸின் அடியில் போடாமல் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி இருப்பவர்கள் யோசிக்காமல் விமானத்தில் போய்விடுங்கள்.

ஹனோயில் முதல் வாரம் மெடிக்கல் செக்கப்பிலும் வீடு பார்ப்பதிலும் போனது. டெபாசிட்டையும் முன்பணத்தையும் அன்றே கட்ட முடிந்ததால் வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தது. என்னோடு சேர்ந்த ஒரு பெண் கையில் பணம் இல்லாமல், சம்பளம் வரும்வரை ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் தங்கி, அங்கிருந்தே பாடம் தயாரித்தாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோர்ஸை நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் வயல்களையும் காட்டையும் எரிக்கும் புகை மூடிவிடும். மலை தெரியாது, கண் எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும், படகும் ஓடும், ஆனால் மலைச்சாலைகளில் மண் சரியும். பஸ் பயணத்துக்கு இரண்டு நாள் கூடுதலாகவே வைத்துக்கொண்டு வேலையில் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.