காய்ச்சல் விட்ட பிறகு

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தபோது ஐந்து நாள் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன, வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான மாதம் அது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆட்கள் ஆம்புலன்சிலேயே காத்துக் கிடந்த அந்த நாள்களில், மாடி அறையில் படுத்து எழுந்து வந்துவிட்ட நான் என்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ளவே கூசினேன். உயிர் பிழைத்தோம் என்ற நன்றியோடு ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு, அந்த நோயை அதோடு மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அது லாங் கோவிட்டாக, அதாவது தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லையாக, என்னோடு தங்கிவிட்டது.

செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிகள் திறந்தன. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், கரும்பலகையில் பி வர்க்கம் கழித்தல் நான்கு ஏசி என்று எழுதிவிட்டேன். பதினெட்டு ஆண்டுகளாக நாவில் இருந்த அதன் பெயர் மட்டும் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்டது, சாக்பீஸ் பிடித்திருந்த விரல்கள் வேர்த்தன. முன் பெஞ்சிலிருந்த பெண் மெதுவாக, "தன்மைகாட்டி டீச்சர்" என்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று மாலை வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படிக்கு மேல் ஏற முடியாமல் அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இசிஜி, எக்கோ, தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, இரத்த அணுக்கள் என்று எல்லாப் பரிசோதனைகளும் நார்மல் என்றே வந்தன. முதலில் பார்த்த மருத்துவர் மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், தினமும் வேகமாக நடங்கள் என்றார். நடந்தேன். நாற்பது நிமிடம் நடந்த அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் சமாளித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கக் கையைத் தூக்க முடியவில்லை. உடம்பைப் பழக்க வேண்டும் என்று மறுபடி நடந்து மறுபடி விழுந்தேன். இப்படியே ஐந்து மாதங்கள் போயின. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல எனக்கு இடம் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன்: லாங் கோவிட் உள்ள பலருக்கு, தாங்கும் அளவைத் தாண்டி உழைத்தால் அதன் தண்டனை உடனே வருவதில்லை, ஒருநாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் வரும். வழக்கமான சோம்பலை நடை தீர்க்கும். இந்த அசதியை நடை கூட்டிவிடும். 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 25 லாங் கோவிட் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பிறகு தசைச் சேதம் கூடியிருப்பதையும், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை குறைந்திருப்பதையும் கண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவில் நான் அழுதேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக என் மனத்தின் மேல் போடப்பட்டிருந்த பழியை யாரோ இறக்கிவைத்ததைப் போல இருந்தது.

லாங் கோவிட் என்ற பெயரே நோயாளிகள் வைத்ததுதான். எலிசா பெரெகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயுற்றிருந்த 2020 மே மாதத்தில், ட்விட்டரில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அது உலகமெங்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது: தொற்று தொடங்கி வழக்கமாக மூன்று மாதங்களில் காணப்படும், குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள். அதில் அசதியும் மூச்சிரைப்பும் நினைவுத் தடுமாற்றமும் இருந்தன. முதல் தொற்று லேசாக இருந்தவர்களுக்கும் இது வரும்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் பெரிய கருவி எதையும் தேடவில்லை. என்னைப் பத்து நிமிடம் படுக்கவைத்து நாடி பிடித்தார், 74. பிறகு சுவரில் சாயாமல் நிற்கச் சொல்லி நிமிடத்துக்கொரு முறை எண்ணினார். ஏழாம் நிமிடத்தில் 119 ஆனது. நின்றதும் பத்து நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு 30க்கு மேல் கூடி, இரத்த அழுத்தம் விழாமல் இருந்தால் அதற்கு பாட்ஸ் என்று பெயர். நிற்கும்போது இரத்தம் காலில் தேங்க, அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. தண்ணீரும் உப்பும் கூட்டச் சொன்னார், காலுக்கு இறுக்கமான உறை கொடுத்தார். எங்கள் வீட்டில் அத்தைக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் குழம்பில் உப்பு எப்போதும் குறைவு; ஆகையால் எனக்கென்று ஒரு செம்பில் உப்புப் போட்ட நீர்மோர் தனியாக வந்தது. (தனக்கு அழுத்தம் எவ்வளவு என்று தெரியாதவர்கள் இதைப் பார்த்து உப்பைக் கூட்டிவிடக் கூடாது.) இப்போது காய் நறுக்குவது, குளிப்பது எல்லாம் உட்கார்ந்துதான். தலைக்குக் குளிக்கிற நாளில் சமைப்பதில்லை. வாசலில் நான்கு புள்ளிக் கோலம்தான்.

இவ்வளவும் என் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நான் மருத்துவமனையில் படுக்கவில்லை, ஆகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மருத்துவக் காப்பீடு, பெரும்பாலானவற்றைப் போலவே, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். நான் வேலை பார்த்த தனியார் பள்ளி சம்பளமில்லாத விடுப்பை இரண்டு மாதங்களுக்கு மேல் நீட்டவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆக, பள்ளியின் கணக்கில் நான் சொந்தக் காரணங்களுக்காக விலகிய ஓர் ஆசிரியை. பிளஸ் டூ படித்த என் மகள் அந்த ஆண்டு முழுவதும் காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள், அது எவர் கணக்கிலும் இல்லை. அத்தை கெட்டவரல்லர். ஆனாலும், "ஆளப் பாத்தா நல்லாத்தான இருக்க" என்று அவர் சொல்லும்போது, ஒரு கையோ காலோ கட்டுப் போட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்கா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. அவருக்கும் அதே மே மாதம் காய்ச்சல் வந்தது, பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அதற்கு முன்னால் நாளுக்கு எண்ணூறு சுற்றியவர் இப்போது நானூறைத் தாண்டுவதில்லை. "முந்தி மாதிரி கை ஓட மாட்டேங்கு டீச்சர், எண்ணிக்கிட்டே இருப்பேன், எண்ணிக்கை மறந்துருது" என்கிறார். மூச்சு வாங்குவதற்குப் பீடித்தூளைக் காரணம் சொல்கிறார்கள்; அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம் என்பதால் வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை. அவருடைய நோய் கூலிப் புத்தகத்தில் குறைந்த எண்ணிக்கையாக மட்டுமே பதிவாகியிருக்கிறது. ஈஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்ப்படி உண்டு. அந்த அட்டையே இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கும் 21 வகைகளில் இந்த நோய்க்குப் பெயர் இல்லை.

2006இல் சிக்குன்குனியா வந்தபோது நம்மூர்களில் காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மூட்டு வலி நின்றது. அப்போது தெருவே நொண்டிக்கொண்டு நடந்ததால் யாரும் யாரையும் நடிப்பு என்று சொல்லவில்லை. இந்த நோய் ஒரு வீட்டில் ஒருவரைப் பிடிக்கிறது. அவரவருக்கு வெவ்வேறு தொல்லையாகக் காட்டுகிறது. அதனால் ஒவ்வொருவரும் தனியாகச் சந்தேகிக்கப்படுகிறோம். பிரிட்டனில் அரசின் புள்ளிவிவர அலுவலகம் வீடுகளில் கேட்டு, 2023 மார்ச்சில் 19 லட்சம் பேர் தங்களுக்கு லாங் கோவிட் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றும், அவர்களில் 15 லட்சம் பேருக்கு அன்றாட வேலை பாதிக்கப்படுகிறது என்றும் வெளியிட்டது. அந்த எண்ணால் எவருக்கும் நோய் தீரவில்லைதான். ஆனால் ஓர் எண் இருந்தால், வேலையிடத்தில் நாற்காலி கேட்கவும், விடுப்புக் கேட்கவும், மருத்துவரிடம் "இதுவா என்று பாருங்கள்" என்று சொல்லவும் ஒரு பிடி கிடைக்கிறது. கணக்கு டீச்சராக இருந்ததால் சொல்கிறேன், எண்ணாமல் விட்ட ஒன்றைப் பூச்சியம் என்று எழுதுவது பிழையான விடை.

அத்தைக்கு அழுத்த மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர் போன மாதம் வந்தபோது எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். பாயில் படுக்கவைத்து, பிறகு நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணச் சொன்னேன். படுத்திருந்தபோது 80, ஒன்பதாம் நிமிடத்தில் 116. அந்தப் பெண் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாததால், தாளின் ஓரத்தில் இரண்டு எண்களையும் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுக்கொண்டார்.